பழைய கணினியில் இருந்து ஃபைல்களை வெளியே எடுக்க உண்மையில் என்ன வேண்டும்?

மென்பொருள் அட்டைப்பெட்டியின் பின்பக்கத்தில் பொடி எழுத்தில் ஒரு பட்டியல் இருக்குமே, இந்த பிராசஸர், இத்தனை எம்பி ராம், ஹார்டுடிஸ்கில் இவ்வளவு காலியிடம் என்று, அது கேமுக்கும் கணக்கு எழுதும் மென்பொருளுக்கும் சரியாகப் பொருந்தும். ஃபைல்களை ஒரு கணினியில் இருந்து இன்னொன்றுக்கு அனுப்பும் மென்பொருளுக்கு மட்டும் அது பாதித் தகவல்தான். அந்த வேலையில் இரண்டு கணினிகள், நடுவே ஒரு வயர், இரண்டு பக்கமும் புரிந்துகொள்ளும் ஒரு பேச்சுமுறை என்று நான்கு சங்கதிகள் இருக்கின்றன, இதில் ஒன்று குறைந்தாலும் எதுவும் நகராது. பரணில் இருந்து ஒரு 486-ஐ (1990களின் தொடக்கத்துக் கணினி) இறக்கித் துடைத்து வைத்துக்கொண்டு "இதில் எந்த மென்பொருள் ஓடும்" என்று தேடுகிறவர்கள் நிறையப் பேர். அந்தக் காலத்து மென்பொருள் எல்லாமே அதில் ஓடும். முதலில் தேட வேண்டியது, எதிரே வைக்கப்போகும் கணினி அதோடு எப்படிப் பேசப்போகிறது என்பதைத்தான்.

இந்தச் சிக்கல் இன்று நேற்று வந்ததில்லை. 1980களின் நடுவில் மேசைக் கணினிகளில் 5.25 அங்குல பிளாப்பி, கையில் தூக்கிப்போகும் கணினிகளில் 3.5 அங்குல பிளாப்பி. ஐபிஎம் 1986-ல் கொண்டுவந்த பிசி கன்வர்ட்டிபிளில் 3.5 மட்டும்தான், அடுத்த வருஷம் வந்த பிஎஸ்/2 வரிசையும் அதையே எடுத்துக்கொண்டது. ஆபீஸில் இருக்கும் கணினியில் அந்த பிளாப்பி நுழையவே நுழையாது. 5.25-க்குள்ளேயே 360 கேபி, 1.2 எம்பி என்று இரண்டு சாதி வேறு. 1.2 எம்பி டிரைவின் தலை குறுகலானது என்பதால், அதில் வைத்து எழுதிய 360 கேபி பிளாப்பியைப் பழைய 360 டிரைவ் பல சமயம் படிக்காது. பிளாப்பியை நம்ப முடியாத இந்த நிலைமையில்தான் அமெரிக்காவில் டிராவலிங் சாஃப்ட்வேர் என்ற கம்பெனியின் லேப்லிங்க் பெயர் வாங்கியது. மென்பொருளோடு கேபிளையும் சேர்த்தே விற்றார்கள். பிட்டுகளை ஒவ்வொன்றாக அனுப்பும் சீரியல் கேபிளின் இரு முனையிலும் 9 ஊசி, 25 ஊசி என்று இரண்டு தலைகள் இருந்தன, எந்தக் கணினியில் எந்த போர்ட் இருந்தாலும் மாட்டிக்கொள்ளலாம். கேபிளையும் தேவைகளில் ஒன்றாக எண்ணி பெட்டிக்குள்ளேயே வைத்தார்கள், அதுதான் அந்த மென்பொருளில் எனக்குப் பிடித்த விஷயம்.

1993-ல் வந்த, கட்டளைகளை அடித்து இயக்கும் இயங்குதளமான எம்எஸ்-டாஸ் 6-ல் மைக்ரோசாஃப்ட் இதே வேலைக்கு இன்டர்லிங்க், இன்டர்சர்வர் என்ற இரண்டு ஃபைல்களை இலவசமாகக் கொடுத்தது. அதன் உதவிப் பக்கத்தில் இருந்த தேவைப் பட்டியல் சின்னது, ஆனால் நான் பார்த்தவற்றிலேயே நேர்மையானது. இரண்டு கணினியிலும் காலியாக ஒரு சீரியல் போர்ட், அல்லது இரண்டிலும் ஒரு பேரலல் போர்ட் (பிரிண்டர் மாட்டும் போர்ட்). அதற்கேற்ற கேபிள். ஒரு கணினியில் டாஸ் 6, மற்றதில் டாஸ் 3.0 இருந்தாலும் போதும். ஃபைலைக் கேட்கும் கணினியில் 16 கேபி நினைவகம், கொடுக்கும் கணினியில் 130 கேபி. பிராசஸர் பெயரே அதில் கிடையாது. கேட்பவர், கொடுப்பவர் என்று இரண்டு பேருக்கும் தனித்தனிக் கணக்கு போட்டிருப்பதைக் கவனியுங்கள். கொடுக்கும் பக்கத்துக்கு நினைவகம் கூடுதலாக வேண்டும், ஆனால் அங்கே கணினி துவங்கும்போது படிக்கும் கான்ஃபிக் ஃபைலைத் தொட வேண்டியதில்லை, நேராக இயக்கினால் போதும். கேட்கும் பக்கத்தில் கான்ஃபிக் ஃபைலில் ஒரு வரி எழுதிக் கணினியை மறுபடி துவக்க வேண்டும், அதன்பிறகு எதிர்க் கணினியின் சி டிரைவ் இங்கே இ அல்லது எஃப் என்று இன்னொரு டிரைவாகத் தெரியும். பழைய கணினியில் எதையும் மாற்ற விருப்பமில்லை என்றால் அதைக் கொடுக்கும் பக்கமாக வைத்துக்கொள்வதே நல்லது.

சரி, மென்பொருள் 16 கேபியில் ஓடும், ஆனால் அந்த மென்பொருளைப் பழைய கணினிக்குள் எப்படிக் கொண்டுபோவது? பிளாப்பி டிரைவ் கெட்டுப்போன, சிடி டிரைவ் இல்லாத கணினி என்றால் கோழி முதலா முட்டை முதலா கதைதான். இதற்கு டாஸ் 6 வைத்திருந்த வழி இன்றைக்கும் என்னை ஆச்சரியப்படுத்துகிறது. இன்டர்சர்வரை ஆர்காப்பி என்ற சொல்லோடு இயக்கினால், அது உங்களை எதிர்க் கணினியில் போய் இரண்டு கட்டளைகள் அடிக்கச் சொல்லும். முதலாவது மோடு கட்டளை, சீரியல் போர்ட்டை 2400 பிட் வேகத்துக்கு அமைப்பது. இரண்டாவது சிடிடிஒய் கட்டளை, அது விசைப்பலகையின் பொறுப்பை அந்த போர்ட்டிடம் ஒப்படைத்துவிடும். அதாவது வயர் வழியாக வருகிற எழுத்துகளை, யாரோ உட்கார்ந்து அடிக்கிற எழுத்துகளாகவே அந்தக் கணினி எடுத்துக்கொள்ளும். அந்த வழியில் மென்பொருள் தன்னைத்தானே அங்கே கொண்டுபோய்ச் சேர்த்துவிடும். இதற்கு மூன்று கம்பி கேபிள் போதாது, ஏழு கம்பி உள்ள நல்மோடம் கேபிள்தான் (மோடம் இல்லாமல் இரண்டு கணினிகளை நேராக இணைப்பது) வேண்டும், எதிர்க் கணினியில் மோடு கட்டளையின் ஃபைலும் இருந்தாக வேண்டும். யாரும் நினைத்துப் பார்க்காத ஒரு குட்டி ஃபைல் இங்கே கட்டாயத் தேவை ஆகிவிடுகிறது.

கேபிளைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் மென்பொருள் சரியில்லை என்று நினைத்து விட்டுவிடுபவர்களில் பாதிப் பேர் இந்த இடத்தில்தான் சிக்குகிறார்கள். சீரியல் கேபிளில் இங்கே அனுப்பும் கம்பி அங்கே வாங்கும் ஊசிக்குப் போக வேண்டும், அங்கே அனுப்புவது இங்கே வாங்கும் ஊசிக்கு வர வேண்டும், அப்புறம் கிரவுண்டு ஒன்று. மூன்றே கம்பி. மோடத்துக்குப் போகும் சாதாரண கேபிளில் இந்தக் குறுக்கு மாற்றம் இருக்காது, தலை பொருந்தும், ஃபைல் போகாது. நீங்களே சால்டர் வைத்துச் செய்வதானால் ஒரு விஷயத்தில் கவனமாக இருங்கள். 9 ஊசித் தலையில் 2 வாங்குவது, 3 அனுப்புவது. 25 ஊசித் தலையில் அது தலைகீழ், 2 அனுப்புவது, 3 வாங்குவது. எனவே 9-க்கும் 9-க்கும் போடும்போது 2-ஐயும் 3-ஐயும் குறுக்கே மாற்ற வேண்டும், 9-க்கும் 25-க்கும் போடும்போது 2-க்கு 2, 3-க்கு 3 என்று நேராகவே போட வேண்டும், கிரவுண்டு மட்டும் 5-ல் இருந்து 7-க்கு.

அடுத்தது வேகம், இங்கேதான் பிராசஸரை விட ஒரு சின்ன சிப் முக்கியமாகிறது. பிசியின் சீரியல் போர்ட் அதிகபட்சம் நொடிக்கு 1,15,200 பிட் போகும். ஒவ்வொரு பைட்டுக்கும் தொடக்கம், முடிவு சேர்த்து 10 பிட் என்பதால் நொடிக்கு 11,520 பைட். ஒரு 1.44 எம்பி பிளாப்பி அளவுக்கு இரண்டு நிமிஷத்துக்குச் சற்று மேல், 20 எம்பி ஹார்டுடிஸ்க் முழுவதும் எடுக்க அரை மணி நேரம், 100 எம்பிக்கு இரண்டரை மணி நேரம். அதுவும் தடங்கல் இல்லாமல் போனால். அந்த வேகத்தில் ஒரு பைட் வந்து அடுத்த பைட் வருவதற்கு இடையில் 87 மைக்ரோநொடிதான் இருக்கிறது. முதல் ஐபிஎம் பிசியில் இருந்த 4.77 மெகாஹெர்ட்ஸ் 8088-க்கு அது 400 சொச்சம் துடிப்பு மட்டுமே, அதற்குள் செய்துகொண்டிருந்ததை நிறுத்தி, பைட்டை எடுத்து, நினைவகத்தில் வைத்துவிட்டுத் திரும்ப வேண்டும். சீரியல் போர்ட்டை நடத்தும் அந்தக் காலத்து 8250 சிப்பும் பின்னால் வந்த 16450-யும் வந்து சேர்ந்தவற்றில் ஒரே ஒரு பைட்டைத்தான் பிடித்து வைத்திருக்கும். அதை எடுப்பதற்குள் அடுத்தது வந்துவிட்டால் முதலாவது போச்சு. 16550ஏ சிப்பில் 16 பைட் வரிசையில் நிற்க இடம் உண்டு, அதனால் கணினி கொஞ்சம் தாமதமாக வந்தாலும் இழப்பில்லை. டாஸில் ஒரே வேலையாக உட்கார்ந்து அனுப்பும்போது பழைய சிப்பும் சமாளித்துவிடும். விண்டோஸ் மாதிரி ஒரே நேரத்தில் பல வேலை பார்க்கும் இடத்தில், ஹார்டுடிஸ்கில் எழுதுகிற நேரத்தில் பைட்டுகள் தொலையும், மென்பொருள் திரும்பத் திரும்பக் கேட்கும், பார்ப்பவருக்குக் கணினி மெதுவாக இருக்கிற மாதிரி தோன்றும். மென்பொருளை மாற்றிப் பயனில்லை, வேகத்தை 38,400-க்கோ 19,200-க்கோ இறக்கினால் பல சமயம் மொத்த வேலை சீக்கிரமே முடியும்.

பேரலல் போர்ட் இதைவிட வேகம், ஆனால் அது பிரிண்டருக்கென்று பிறந்தது. வெளியே அனுப்ப எட்டுக் கம்பிகள், உள்ளே கேட்க ஐந்தே கம்பிகள், அதுவும் பேப்பர் தீர்ந்தது, பிரிண்டர் வேலையாக இருக்கிறது என்றெல்லாம் சொல்வதற்காக வைத்தவை. லேப்லிங்க் வகைக் கேபிள் இந்த ஐந்தையும் எதிர்க் கணினியின் டேட்டா கம்பிகளோடு கோத்து, நான்கில் டேட்டாவும் ஐந்தாவதில் "வாங்கிக்கொண்டேன்" என்ற சைகையும் அனுப்புகிறது. ஒரு பைட்டை இரண்டு பாதியாக வெட்டி அனுப்பினாலும் சீரியலைவிட நல்ல வேகம் கிடைத்தது. 1994-ல் ஐஇஇஇ 1284 தரம் வந்த பிறகுதான் இரு பக்கமும் முழு எட்டு பிட் பேசும் முறைகள் ஒழுங்குபட்டன. இன்று கடைகளில் கிடைக்கும் யுஎஸ்பி-பேரலல் வயரை வாங்கி லேப்லிங்க் கேபிளோடு மாட்டிப் பார்க்காதீர்கள், அது பிரிண்டரிடம் மட்டுமே பேசும், காசு தண்டம். யுஎஸ்பி-சீரியல் வயர் அப்படி இல்லை, அது உண்மையான சீரியல் போர்ட்டாகவே நடந்துகொள்ளும்.

அந்த வயர் கையில் இருந்தால் இன்றைய லேப்டாப்பையும் பழைய கணினியையும் நேரடியாகப் பேசவைக்க முடியும், ஆனால் இன்டர்லிங்க் வழியாக முடியாது, ஏனென்றால் அது டாஸின் வயிற்றுக்குள் உட்கார்ந்து வேலை செய்வது. வயர் வழியாக எழுத்துகளை அனுப்பி வாங்கும் டெர்மினல் மென்பொருள்களில் இருக்கும் பழைய பேச்சுமுறைகள்தான் கைகொடுக்கும். வார்டு கிறிஸ்டென்சன் 1977-ல் எழுதிய எக்ஸ்மோடம் 128 பைட் துண்டுகளாக அனுப்பும், அது டாஸுக்கு முந்தைய சிபி/எம் கணினிகளின் டிஸ்க் செக்டர் அளவு. கடைசித் துண்டு நிறையாவிட்டால் வெற்று எழுத்துகளைப் போட்டு நிரப்பிவிடும் என்பதால் வந்து சேரும் ஃபைல் சற்றுப் பெருத்திருக்கும், அதைப் பார்த்துப் பதற வேண்டாம். 1986-ல் சக் ஃபோர்ஸ்பெர்க் எழுதிய இசட்மோடம் ஃபைல் பெயரையும் சரியான அளவையும் சேர்த்தே அனுப்பும், இரண்டு பக்கமும் அது இருந்தால் அதையே எடுங்கள். கொலம்பியா பல்கலைக்கழகத்தில் 1981-ல் தொடங்கிய கெர்மிட் இவற்றில் மெதுவானது, ஆனால் மோசமான வயரிலும் முரட்டுக் கணினியிலும் கடைசிவரை தாக்குப்பிடிப்பது அதுதான். பெரிய கணினிகளின் டெர்மினல் வயர்கள் 7 பிட்டுகளை மட்டுமே கடத்தும், பல எழுத்துகளை விழுங்கிவிடும் என்ற நிலைமைக்காகவே அதை வடிவமைத்தார்கள். அனுப்புவதெல்லாம் அச்சிடக்கூடிய எழுத்துகளாகவே போகும், எட்டாவது பிட் உள்ள பைட்டுக்கு முன்னால் ஒரு குறி போட்டு அனுப்பும்.

இந்த எட்டாவது பிட் சமாசாரம் நமக்கு நேரடியாக வேண்டியது. யூனிகோடுக்கு முந்தைய திஸ்கி, 1999-ல் தமிழக அரசு தரமாக்கிய டாம், டாப் போன்ற எழுத்துக் குறியீட்டு முறைகளில் தமிழ் எழுத்துகளில் பெரும்பாலானவை 128-க்கு மேற்பட்ட எண்களில்தான் உட்கார்ந்திருக்கின்றன. போர்ட்டை 7 பிட்டுக்கு அமைத்துவிட்டுச் சாதாரண உரையாக அனுப்பினால் எட்டாவது பிட் கழன்றுவிடும், போய்ச் சேர்ந்தது ஆங்கிலக் குப்பையாக இருக்கும், அதில் இருந்து தமிழை மீட்கவே முடியாது. 8 பிட், பாரிட்டி (பிழை பார்க்கும் கூடுதல் பிட்) இல்லை என்று இரண்டு பக்கமும் ஒன்றாக அமைத்த பிறகே தொடங்குங்கள்.

விண்டோஸ் 95-ல் டைரக்ட் கேபிள் கனெக்ஷன் வந்தபோது தேவைகள் குறைந்த மாதிரி இருந்தது, உண்மையில் கூடியது. டயல்-அப் நெட்வொர்க்கிங் நிறுவியிருக்க வேண்டும், இரண்டு கணினிக்கும் பொதுவாக ஒரு நெட்வொர்க் பேச்சுமுறை வேண்டும், ஃபோல்டரைப் பகிர அனுமதித்திருக்க வேண்டும். எல்லாம் கூடிவந்தால் நன்றாகவே வேலை செய்யும். அதில் ஒரு பெரிய ஆதாயம், நீளமான ஃபைல் பெயர்கள் அப்படியே வந்து சேரும். அதே கணினியை டாஸில் துவக்கி இன்டர்லிங்கில் எடுத்தால் எட்டெழுத்துப் பெயரும் மூன்றெழுத்து வாலும்தான் மிஞ்சும், நூறு ஃபைல்கள் ஒரே மாதிரி தொடங்கும் பெயரில் இருந்தால் எது எது என்று பிறகு பிரித்தெடுப்பது பெரும்பாடு. விண்டோஸில் இருக்கும்போதே விண்ஜிப் மாதிரி ஒன்றில் எல்லாவற்றையும் கட்டிவைத்துவிட்டு, அந்த ஒரு ஃபைலை எந்த வழியில் அனுப்பினாலும் பெயர்கள் உள்ளே பத்திரமாக இருக்கும்.

பென்டிரைவ் விஷயத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். விண்டோஸ் மீ, 2000, எக்ஸ்பி ஆகியவற்றில் செருகினாலே தெரியும். 98 இரண்டாம் பதிப்பில் யுஎஸ்பி இருந்தாலும் பென்டிரைவுக்குத் தனி டிரைவர் வேண்டும், அந்த டிரைவரைக் கொண்டுவர ஒரு பிளாப்பியோ சிடியோ வேண்டும். என்டி 4-ல் நம்பிக்கை வேண்டாம். பென்டிரைவை ஃபேட்32-ல் ஃபார்மட் செய்து எடுத்துப்போங்கள்.

எக்ஸ்பிக்கு வந்தால் கதை தலைகீழாகிறது. கணினியில் நெட்வொர்க் இருக்கிறது, ராம் இருக்கிறது, வேகம் இருக்கிறது, எதிர்க் கணினிதான் பேச மறுக்கிறது. எக்ஸ்பிக்குத் தெரிந்த ஃபோல்டர் பகிர்வு முறை எஸ்எம்பி 1 மட்டுமே. 2017 மே மாதம் வான்னாக்ரை வைரஸ் உலகம் முழுக்கப் பரவியது அதில் இருந்த ஓட்டை வழியாகத்தான், அந்த வருஷக் கடைசியில் வந்த விண்டோஸ் 10 பதிப்பில் இருந்து புதிதாக நிறுவும்போது எஸ்எம்பி 1 வருவதில்லை. அதைத் திரும்ப இயக்கச் சொல்லும் யோசனைகள் நிறையக் கிடைக்கும், அந்தக் கணினியில் உங்கள் வங்கிக் கணக்கு, வேலை எல்லாம் இருக்கிறது என்றால் தயவுசெய்து செய்யாதீர்கள். பிரவுசர் வழியாகக் கிளவுடில் ஏற்றிவிடலாம் என்றால் அதுவும் நடக்காது. எக்ஸ்பியோடு வந்த பாதுகாப்புப் பூட்டு டிஎல்எஸ் 1.0-ஓடு நின்றுவிட்டது, இன்றைய தளங்கள் 1.2-க்குக் கீழே கதவையே திறப்பதில்லை. ஃபைல் அனுப்பும் மென்பொருளான ஃபைல்ஸில்லாவின் புதிய பதிப்பையும் எக்ஸ்பியில் நிறுவ முடியாது. பிராசஸர் தேவை என்ற பழைய வரிக்கு இங்கேதான் மறுபடி அர்த்தம் வருகிறது. பென்டியம் 4-ல் வந்த எஸ்எஸ்இ2 கட்டளைகள் பென்டியம் 3-லும் அத்லான் எக்ஸ்பியிலும் கிடையாது, விஷுவல் ஸ்டுடியோ 2012 முதல் அவற்றைக் கேட்காமலே சேர்த்து மென்பொருளைக் கட்டுவது வழக்கமாகிவிட்டது. விண்டோஸ் பதிப்பு சரியாகவே இருந்தும் மென்பொருள் திறந்தவுடன் செத்துவிழுந்தால் காரணம் பெரும்பாலும் இதுதான்.

வீட்டுக்குள் செய்யக்கூடியது, ரவுட்டரில் இருந்து இன்டர்நெட் வயரைக் கழற்றிவிட்டு, எஃப்டிபி என்ற பழைய ஃபைல் அனுப்பும் முறையில் எடுப்பது. நெட்வொர்க் அமைத்திருந்தால் விண்டோஸ் 95-ல் இருந்தே கட்டளை வரியில் எஃப்டிபி இருக்கிறது, கூடுதலாக எதுவும் வேண்டாம். உள்ளே போனதும் முதல் வேலையாக பைனரி என்று அடித்துவிடுங்கள், இல்லாவிட்டால் அது எல்லாவற்றையும் உரையாக எண்ணி வரிமுடிவுகளை மாற்றும், எதிர்ப்பக்கம் லினக்ஸ் என்றால் ஜிப் ஃபைல் திறக்காமல் போகும். டாஸ் கணினியில் நெட்வொர்க் கார்டும் அதை இயக்கும் பாக்கெட் டிரைவர் என்ற மென்பொருளும் இருந்தால் எம்டிசிபி என்ற இலவசத் தொகுப்பில் எஃப்டிபி உண்டு, அது 8088-லேயே ஓடுகிறது.

ஹார்டுடிஸ்கைக் கழற்றி யுஎஸ்பி அடாப்டரில் மாட்டினால் போதாதா, இத்தனை வயர் எதற்கு என்று கேட்கலாம். 1990களில் பரவலாக இருந்த ஐடிஇ வகை டிஸ்க் என்றால் பல சமயம் போதும், வேகமும் அதுதான். ஆனால் 1990களின் தொடக்கத்து டிஸ்குகள் பலவற்றில் எல்பிஏ என்ற முகவரி முறை கிடையாது, அடாப்டர்களுக்கு அது இல்லாமல் எதுவும் தெரியாது. அதற்கும் முந்தைய எம்எஃப்எம் டிஸ்க் என்றால் அதன் சொந்த கண்ட்ரோலர் கார்டு இல்லாமல் முடியாது. டாஸ் 6-ன் டபுள்ஸ்பேஸ் கொண்டு சுருக்கிய டிஸ்க் என்றால், புதிய கணினியில் மாட்டிப் பார்க்கும்போது உங்கள் ஃபைல்களுக்குப் பதில் ஒரே ஒரு பெரிய ஃபைல்தான் தெரியும். இப்படிப்பட்ட இடத்தில் பழைய கணினியைத் தன் காலில் நிற்கவைத்து வயர் வழியாக எடுப்பதே வழி. அதை முதலில் இயக்கும்போது மதர்போர்டு பேட்டரி செத்திருக்கும், ஹார்டுடிஸ்க் எண்களை அது மறந்திருக்கும், டிஸ்கின் மேல் ஒட்டியிருக்கும் சீட்டில் உள்ள சிலிண்டர், ஹெட், செக்டர் எண்களைப் பயாஸில் (கணினியின் அடிப்படை அமைப்புத் திரை) நீங்களே கொடுக்க வேண்டியிருக்கும். புதிய கணினியில் மாட்டிய டிஸ்கை இனிஷியலைஸ் செய்யவா என்று விண்டோஸ் கேட்டால் வேண்டாம் என்று சொல்லுங்கள்.

இந்த வேலையை ஒரு தடவைக்கு மேல் செய்யப்போகிறவர்களுக்கு நான் சொல்வது, நடுவில் ஒரு கணினியை வைத்துக்கொள்ளுங்கள் என்பதுதான். 2000-ஐ ஒட்டி வந்த ஒரு பென்டியம் 3 போதும். அதில் பிளாப்பி, சீரியல், பேரலல், ஐடிஇ, நெட்வொர்க், யுஎஸ்பி எல்லாம் ஒரே பெட்டியில் இருக்கும், விண்டோஸ் 98 போட்டால் டாஸிலும் துவங்கும். 486-இடம் இன்டர்லிங்க் பேசி வாங்கும், புதிய லேப்டாப்பிடம் எஃப்டிபி பேசிக் கொடுக்கும். பழைய இரும்பு விலைக்குப் போய்க்கொண்டிருக்கிற கணினிகள் இவை, ஒன்றையாவது எடுத்து வையுங்கள்.

ஃபைல்கள் வந்ததும் பழையதைத் தூக்கிப் போட்டுவிடாமல், ஒவ்வொரு ஃபோல்டரின் எண்ணிக்கையையும் பைட் அளவையும் இரண்டு பக்கமும் ஒப்பிடுங்கள், ஜிப் ஃபைல்களைச் சோதனை போட்டுப் பாருங்கள். தமிழில் எழுதிய ஃபைல்கள் இருந்தால் அந்தக் கணினியின் விண்டோஸ் ஃபோல்டருக்குள் உள்ள ஃபான்ட்ஸ் ஃபோல்டரையும் முழுசாக எடுத்துக்கொள்ளுங்கள். பாமினி போன்ற எழுத்துருக்களில் அடித்த கல்யாணப் பத்திரிகையோ கவிதையோ அந்த எழுத்துரு இல்லாமல் திறந்தால் ஆங்கில எழுத்துகளாகத்தான் தெரியும், எந்த எழுத்துருவில் அடித்தது என்று தெரிந்தால்தான் யூனிகோடுக்கு மாற்ற முடியும்.